பாய்மரம் ஏன் விழுகிறது?

புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து ஐ.என்.எஸ்.வி. தாரிணி என்ற பாய்ப்படகில் கிளம்பினார்கள். காற்றை மட்டுமே நம்பி உலகைச் சுற்றிவிட்டு, 2025 மே 29 அன்று கோவாவுக்கே திரும்பினார்கள். இடையில் ஃப்ரீமேன்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என நான்கு துறைமுகங்களில் மட்டும் நின்றார்கள். நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, தாரிணி ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் நடுவே தென்கடலின் குளிரிலும் அலையிலும் போய்க்கொண்டிருந்தது.

கோவாவில் கட்டப்பட்ட தாரிணியின் நீளம் 17 மீட்டர். அதன் பாய்மரத்தின் உயரமோ 25 மீட்டர். ஏறக்குறைய எட்டு மாடி உயரத்துக்கு ஒரு மெல்லிய தூண், அசையும் தளத்தின்மேல், அத்தனை பாயையும் தாங்கி நின்றாக வேண்டும். இப்படிப்பட்ட படகுகளில் மரத்தை அடியில் நட்டுவிட்டால் மட்டும் அது நிற்காது. அதை நிறுத்தி வைப்பவை சுற்றிலும் இழுத்துக் கட்டிய, விரல் பருமன்கூட இல்லாத சில கம்பிவடங்கள். முன்னே இழுப்பது முன்வடம், பின்னே இழுப்பது பின்வடம், இரு பக்கமும் இழுப்பவை பக்கவடங்கள். ஃபோர்ஸ்டே, பேக்ஸ்டே, ஷ்ரவுட் என்று மாலுமிகள் சொல்வது இவற்றைத்தான். பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிறு தினமும் கையில் ஓடும், தேய்ந்தால் உடனே தெரிந்துவிடும். இந்த வடங்கள் அசையாமல் நிற்பவை. அதனாலேயே இவற்றை யாரும் கவனிப்பதில்லை. ஒருநாள் இவற்றில் ஒன்று அறுந்தால் மரமே சாய்கிறது.

மரம் எப்படி நிற்கிறது என்பதை முதலில் பார்ப்போம். தென்னை ஈர்க்கு ஒன்றை மேசைமேல் நிறுத்தி, மேல்நுனியை விரலால் கீழே அழுத்துங்கள். ஈர்க்கு நசுங்காது, நடுவில் வளைந்து விலகும். அதையே பாதியாக ஒடித்து மீண்டும் அழுத்துங்கள். இப்போது வளைக்க நான்கு மடங்கு விசை வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் கண்ட விதி இது: ஒல்லியான தூண் எவ்வளவு அழுத்தத்தில் வளைந்து விலகும் என்பது அதன் நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் அமையும். பாய்மரத்தின் நடுவே ஸ்ப்ரெடர் என்ற குறுக்குக் கைகளை வைத்து, அங்கிருந்தும் வடங்களைக் கீழே கட்டுவது இதற்காகவே. ஒரே நீளத் தூண் இரண்டு, மூன்று குட்டைத் தூண்களின் அடுக்காகிவிடுகிறது. ஆகவே மெல்லிய அலுமினியக் குழாயே பெரிய பாயைத் தாங்குகிறது. ஆனால் அந்த நடுக்கட்டு அறுந்த கணத்தில் மரம் மறுபடி ஒரே நீளத் தூணாகி, நான்கில் ஒரு பங்கு வலுவுக்கு இறங்கிவிடும். அதன்மேல் இருக்கும் அழுத்தமோ குறையாது. மரம் முறிய ஒரு நொடி போதும்.

அந்த அழுத்தம் வருவதும் பெரும்பாலும் வடங்களிலிருந்துதான். படகு அகலம் குறைவு, மரம் உயரம் அதிகம். ஆகவே பக்கவடம் மரத்தோடு சேரும் கோணம் மிகச் சிறியதாக, பத்துப் பன்னிரண்டு டிகிரி அளவில்தான் இருக்க முடியும். கோணம் 10 டிகிரி என்றால், 100 கிலோ பக்கவிசையைத் தாங்க வடத்தில் 576 கிலோ இழுவிசை வேண்டும். அந்த இழுப்பில் 567 கிலோ மரத்தைக் கீழ்நோக்கி அழுத்தும். காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது, மரம் மேலிருந்து கீழாக நசுக்கப்படுகிறது. காற்று ஓங்க ஓங்க இந்த விசை எல்லையின்றி ஏறிவிடாததற்கு ஒரு காரணம் உண்டு. படகு சாயும்போது பாயும் சாய்ந்து காற்றைக் கழித்துவிடுகிறது. ஆகவே படகைச் சாய்க்க எவ்வளவு விசை வேண்டுமோ அதைக் கணக்கிட்டு, அதைப்போல இரண்டரை, மூன்று மடங்கு தாங்கும்படி வடத்தைத் தேர்வு செய்கிறார்கள். எட்டு மில்லிமீட்டர் எவர்சில்வர் வடம் ஏறக்குறைய ஐந்து டன் தாங்கும்.

எல்லாப் பாய்ப்படகுக்கும் வடம் தேவை என்பதில்லை. டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டிய ஒற்றையாள் படகில் ஒரு பக்கவடம்கூடக் கிடையாது. மரம் குழியில் செருகி நிற்கும், காற்றுக்கு வளைந்து கொடுக்கும். அதே டோக்கியோவில் கே.சி. கணபதியும் வருண் தக்கரும் ஓட்டிய இருவர் படகின் மரமோ வடங்களால்தான் நின்றது. மரம் உயர்ந்து பாய் பெரிதாகும்போது வடத்துக்கு மாற்றில்லை.

மூன்று மடங்கு வலுவோடு கட்டிய வடம் பிறகு ஏன் அறுகிறது? மூன்று காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன: உப்பு, அலை, இடுக்கு. இந்த இடுக்கைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பாய்மரத்துக்குப் பயன்படும் வடம் பெரும்பாலும் 19 கம்பிகள் கொண்டது. நடுவில் 1, அதைச் சுற்றி 6, வெளியே 12. எல்லாம் 316 என்ற வகை எவர்சில்வர். அதில் 16 முதல் 18 விழுக்காடு குரோமியம், 10 முதல் 14 விழுக்காடு நிக்கல், 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் இருக்கும். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் கனமே உள்ள ஆக்சைடு படலம் ஒன்றை மேற்பரப்பில் உண்டாக்குகிறது. கீறல் விழுந்தால் அந்தப் படலம் தானே மீண்டும் மூடிக்கொள்ளும். ஆனால் அதற்கு ஆக்சிஜன் கிடைக்க வேண்டும்.

வடத்தின் நடுப்பகுதியில் காற்று தாராளமாகப் படுகிறது, மழை கழுவுகிறது. அங்கே படலம் நிலைக்கும். வடத்தின் நுனிக்கு வாருங்கள். ஒவ்வொரு நுனியிலும் டெர்மினல் என்ற உலோகப் பிடி மாட்டப்பட்டிருக்கும். வடத்தைப் படகோடும் மரத்தோடும் இணைப்பது அதுதான். கம்பிகள் அந்தப் பிடிக்குள் நுழையும் இடத்தில் மயிரிழை இடுக்குகள் இருக்கின்றன. கடல்நீர் உள்ளே இறங்குகிறது. இடுக்கில் தேங்கிய நீரிலுள்ள ஆக்சிஜன் சிறிது காலத்தில் தீர்ந்துவிடும். புதிய ஆக்சிஜன் உள்ளே போக வழியில்லை. படலம் சிதைகிறது. உலோகம் கரைந்து அயனிகளாகிறது. அவற்றின் மின்னூட்டத்தைச் சமன்செய்ய வெளியிலிருந்து குளோரைடு அயனிகள் உள்ளே இழுபடுகின்றன. உள்ளே இருக்கும் நீர் அமிலமாகிறது. அமிலம் இன்னும் உலோகத்தைக் கரைக்கிறது, அதனால் இன்னும் குளோரைடு வருகிறது. ஒருமுறை தொடங்கினால் தன்னைத்தானே முடுக்கிக்கொள்ளும் அரிப்பு இது. வெளியே வடம் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே கம்பி மெலிந்துகொண்டிருக்கும்.

இதில் மேல்நுனியைவிடக் கீழ்நுனிக்கே ஆபத்து அதிகம். வடத்தின் வழியே வழிந்து வரும் உப்புநீர் முழுதும் கீழே உள்ள டெர்மினலின் வாயில்தான் போய் நிற்கும். அந்த வாய் மேல்நோக்கித் திறந்திருக்கிறது. வங்கக் கடலோர வெயிலில் நீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கும். மறுநாள் சாரலில் நனையும், மறுபடி காயும். ஒவ்வொரு முறையும் உள்ளே தேங்கும் கரைசல் கடல்நீரைவிடக் கெட்டியாகிறது. வெப்பம் கூடினால் இந்த வேதிவினைகளின் வேகமும் கூடும். குளிர்நாட்டு ஏரியில் மிதக்கும் படகின் வடத்துக்கு எழுதிய ஆயுளைப் புதுச்சேரிக் கடலில் நிற்கும் படகுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கைக்கு உறுத்தாமல் இருக்கட்டும் என்று டெர்மினலைச் சுற்றி பிளாஸ்டிக் டேப் ஒட்டுவது பலரின் வழக்கம். அது நீரை உள்ளே சிறைபிடித்து, காற்றை வெளியே நிறுத்தி, இந்த அரிப்புக்கு வேண்டிய எல்லாவற்றையும் செய்து கொடுக்கிறது.

அடுத்தது அலை. தாங்கும் வலுவைவிட மிகக் குறைந்த விசையும், லட்சக்கணக்கான முறை மாறி மாறி வந்தால் உலோகத்தை உடைத்துவிடும். ஜெர்மானியப் பொறியாளர் வோலர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரயில் அச்சுகள் முறிவதை ஆராய்ந்தபோது இதை அளந்து காட்டினார். உலோகச் சோர்வு என்று இதைச் சொல்கிறோம். படகு ஆடும் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கத்து வடம் இறுகும், மறுபக்கத்து வடம் தளரும். ஆறு விநாடிக்கு ஓர் அலை என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளில் 14,400 முறை. நூறு நாள் கடலில் கிடந்தால் 14 லட்சத்து 40 ஆயிரம் முறை. நெகிழும் வடம் விறைப்பான டெர்மினலுக்குள் நுழையும் அதே புள்ளியில்தான் இந்த வளைவு முழுதும் குவிகிறது. அரிப்பில் விழுந்த நுண்குழி ஒன்று அங்கே ஏற்கெனவே காத்திருக்கும். விரிசல் அதிலிருந்து தொடங்கும். சோர்வும் அரிப்பும் ஒன்றுக்கொன்று கை கொடுக்கின்றன.

வடம் நன்றாக இருந்தாலும் அதன் பிடிப்பு தளர்ந்தால் போதும், மரத்துக்கு ஆபத்துதான். 2018-ஆம் ஆண்டு கோல்டன் குளோப் போட்டியில், தனியாக உலகைச் சுற்றிக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர் ழான்-லூக் வான் டென் ஹீட், நவம்பர் 5 அன்று தென் பசிபிக்கில் அலையில் கவிழ்க்கப்பட்டார். படகு நிமிர்ந்தது, மரமும் நின்றது. ஆனால் கீழ்ப் பக்கவடங்களை மரத்தோடு பிணைத்த போல்ட், மரத்தின் அலுமினியச் சுவரைக் கிழித்துக்கொண்டு சுமார் ஐந்து சென்டிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. வடங்கள் தொய்ந்துவிட்டன. வயது 73. நடுக்கடலில் மரத்தின்மேல் பலமுறை ஏறி, கயிறுகளால் வடங்களைப் பிணைத்து இறுக்கினார். காற்று ஓங்கியபோதெல்லாம் பாயைக் குறைத்துக்கொண்டார். 2019 ஜனவரி 29 அன்று முதலாவதாகக் கரை சேர்ந்து போட்டியை வென்றார். ஐந்து சென்டிமீட்டர் தளர்வு எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை உணர்ந்து செயல்பட்டதுதான் அவரைக் காப்பாற்றியது.

அதே போட்டியில் நம்முடைய கமாண்டர் அபிலாஷ் டாமிக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2018 செப்டம்பர் 21 அன்று, தெற்கு இந்தியப் பெருங்கடலின் புயலில் அவருடைய 'துரியா' படகு உருட்டப்பட்டது. மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடிபட்டு எழ முடியாமல் மூன்று நாள் கிடந்தவரை, செப்டம்பர் 24 அன்று ஓசிரிஸ் என்ற பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் மீட்டு, பிரான்ஸின் ஆளுகையில் உள்ள ஆம்ஸ்டர்டாம் தீவுக்குக் கொண்டுபோனது. தலைகீழாக உருளும் படகின் மரத்தை நீரின் எடை முறிக்கும்போது புதிய வடம்கூடத் தாங்காமல் போகலாம். அதைச் சொல்லிவிட வேண்டும். மரம் முறிந்த பிறகும் வடங்கள் அறுவதில்லை என்பது இன்னொரு கொடுமை. முறிந்த மரத்தை அவை படகோடு கட்டிப்போட்டு வைத்திருக்கும். ஒவ்வோர் அலைக்கும் அந்த மரம் படகின் பக்கத்தில் மோதி ஓட்டை போடப் பார்க்கும். கம்பி வெட்டும் கருவி இல்லாமல் ஆழ்கடலுக்குப் போகக் கூடாது என்பது இதனால்தான். அபிலாஷ் அடுத்த கோல்டன் குளோப் போட்டியில் மீண்டும் கிளம்பி, 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாமிடம் பெற்றார். என் மதிப்பில் இந்தியக் கடற்பயண வரலாற்றின் மிக உயர்ந்த சாதனைகளில் ஒன்று அது.

மரம் விழுவது புதுச்சேரிக்குப் பழைய செய்தி. 1761 ஜனவரி 1 அன்று, பிரெஞ்சுப் புதுச்சேரியைக் கடல்வழி முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலேயக் கடற்படையைப் புயல் தாக்கியது. சில கப்பல்கள் மூழ்கின, சில அரியாங்குப்பம் பக்கம் கரையில் மோதின, வேறு சில மரங்களை இழந்தும் மிதந்து தப்பின. அந்தக் காலத்து மரங்களைத் தாங்கியவை தார் பூசிய சணல் வடங்கள். நனைந்தால் சுருங்கும், காய்ந்தால் தளரும், ஓயாமல் இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முறுக்கிய இரும்புக் கம்பிவடம் 1834-இல்தான் பிறந்தது. ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் அதை உருவாக்கினார்.

இனி, பழைய வடத்தை மாற்றும் வேலை. காற்றடங்கிய காலையில், படகைத் துறையில் கட்டிவிட்டு, மரத்தை இறக்காமலேயே இதைச் செய்ய முடியும். ஒரு நேரத்தில் ஒரு வடத்தை மட்டுமே கழற்ற வேண்டும். கழற்றும் முன், மேலிருந்து வரும் ஆஞ்சான் கயிறுகளை அந்தப் பக்கத்தில் இறுக்கிக் கட்டி, தற்காலிக வடமாக்கிக்கொள்வார்கள். பழைய வடத்தின் நீளத்தை ஒரு முனையில் இணைப்பு ஊசி செருகும் துளையின் நடுவிலிருந்து மறுமுனையின் துளை நடுவரை அளக்க வேண்டும். அதன் கீழே உள்ள, வடத்தை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் டர்ன்பக்கிள் என்ற திருகுப் பிடி எவ்வளவு திறந்திருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். புது வடம் முதல் சில பயணங்களில் சற்று நீளும். கம்பிகள் ஒன்றோடொன்று படிந்து அமர்வதால் வரும் நீட்சி அது. டர்ன்பக்கிளில் இறுக்க இடம் மிச்சமிருந்தால்தான் அதைச் சரிசெய்யலாம்.

டெர்மினலில் இரண்டு வகை. ஒன்று அழுத்தி மாட்டுவது. குழல் போன்ற நுனிக்குள் கம்பியைச் செருகி, எந்திரத்தின் உருளைகளுக்கு நடுவே நசுக்குவார்கள். உலோகம் கம்பிகளின் இடைவெளிக்குள் பாய்ந்து பிடித்துக்கொள்ளும். நேர்த்தியானது, மலிவானது. ஆனால் குளிர்நிலையில் நசுங்கிய உலோகத்துக்குள் எப்போதும் ஓர் உள்ளிறுக்கம் தங்கியிருக்கும். உள்ளே துருவும் சேர்ந்தால் குழல் நீளவாக்கில் வெடிக்கும். இந்த எந்திரமும் எல்லாத் துறையிலும் கிடைக்காது. மற்றது கூம்பு வைத்து மாட்டுவது. ஸ்டா-லாக் போன்ற பெயர்களில் வருகிறது. இதற்கு இரண்டு ஸ்பேனர்கள் போதும், நடுக்கடலிலும் செய்யலாம். டெர்மினலின் கீழுறையை வடத்தில் முதலில் கோத்துவிட்டு, வெளியே உள்ள 12 கம்பிகளை முறுக்கு அவிழ்த்துப் பிரிக்க வேண்டும். நடுவிலுள்ள 7 கம்பிகள்மேல் சிறிய கூம்பை ஏற்ற வேண்டும். பிறகு 12 கம்பிகளையும் கூம்பைச் சுற்றிச் சம இடைவெளியில் படியவைத்து, மேலுறையைத் திருகி இறுக்க வேண்டும். வடத்தை இழுக்க இழுக்கக் கூம்பு ஆப்பாக மாறி இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். ஒருமுறை இறுக்கியபின் திறந்து பார்ப்பது அவசியம். ஒரு கம்பி மற்றொன்றின்மேல் ஏறியிருந்தாலோ, கூம்பின் பிளவுக்குள் விழுந்திருந்தாலோ பாரம் பன்னிரண்டுக்கும் சமமாகப் பிரியாது. சரியாக இருந்தால் உள்ளே கடல்நீர் புகாதபடி சீலன்ட் நிரப்பி மூடிவிடலாம். இத்தனை நேரம் சொன்ன இடுக்கை அடைக்கும் கட்டம் இதுதான். அடுத்த முறை வடம் மாற்றும்போது கூம்பை மட்டும் புதிதாகப் போட்டு, டெர்மினலின் உடலைச் சோதித்து மீண்டும் பயன்படுத்தலாம்.

டர்ன்பக்கிளின் திருகு எவர்சில்வராக இருந்தால் அதன் உடல் வெண்கலமாக இருப்பது நல்லது. எவர்சில்வர் மரையில் எவர்சில்வர் திருகைப் பாரத்தோடு திருப்பினால் இரண்டின் படலமும் உரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஆட்டு ரோமக் கொழுப்பான லேனோலின் தடவினால் இந்தத் தொல்லை குறையும்.

புது வடத்தை எவ்வளவு இறுக்குவது? இதற்கு அழகான எளிய அளவு ஒன்று உண்டு. தளர்வாக இருக்கும் வடத்தில் சரியாக 2 மீட்டர் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கும்போது அந்த 2 மீட்டர் 1 மில்லிமீட்டர் நீண்டால், வடம் தன் அறுபடும் வலுவில் 5 விழுக்காட்டுப் பாரத்தில் இருக்கிறது என்று பொருள். 3 மில்லிமீட்டர் நீண்டால் 15 விழுக்காடு. 19 கம்பி எவர்சில்வர் வடம் எந்தப் பருமனாக இருந்தாலும் இதே கணக்குதான். பருமன் கூடினால் நீட்ட வேண்டிய விசையும் கூடும், அறுபடும் வலுவும் அதே விகிதத்தில் கூடும். பக்கவடங்களைப் பொதுவாக 15 முதல் 20 விழுக்காட்டுக்குள் இறுக்குகிறார்கள். தளர விட்டால் அலைக்கலை வடம் தொய்ந்து வெட்டி இழுக்கும். அந்த வெட்டுதான் சோர்வை விரைவாக்குவது.

எஃகுக்குப் பதில் டைனீமா கயிறு போடுவோரும் இருக்கிறார்கள். கடைப் பையின் அதே பாலிஎத்திலீன்தான். மூலக்கூறுகள் மிக நீளமாக, ஒரே திசையில் அடுக்கப்பட்டிருப்பதால் எடைக்கு எடை எஃகைத் தோற்கடிக்கும். துருவே கிடையாது. ஆனால் நிலையான பாரத்தில் மெல்ல மெல்ல நீளும், வெயிலின் புற ஊதாக் கதிரில் நொய்ந்துபோகும். நம் ஊர் வெயிலில் அதன் வயதையும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

புதுச்சேரியில் தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவுப் பிள்ளைகள் பாய்ப்படகில் கடலுக்குப் போகிறார்கள். தனியார் படகுகளும் இருக்கின்றன. அவற்றைப் பராமரிப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. மாதம் ஒருமுறை கீழ் டெர்மினல்களை நன்னீரால் கழுவுங்கள். வடத்தைப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே ஒரு கம்பி அறுந்திருக்கிறது. 19-இல் ஒன்று அறுந்தாலும் அந்த வடத்தை மட்டும் மாற்றி நிறுத்திவிடாதீர்கள். மற்றவையும் அதே வயது, அதே உப்பு, அதே அலை கண்டவை. டெர்மினல் வாயில் பழுப்புக் கசிவு தெரிந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். வெல்டிங் பட்டறைகளில் விரிசல் தேடப் பயன்படுத்தும் சிவப்புச் சாயத்தைப் பூசிச் சோதியுங்கள். வடங்களைப் படகின் உடலோடு பிணைத்து, மேல்தளத்துக்கு அடியில் மறைந்திருக்கும் செயின்பிளேட் என்ற உலோகப் பட்டையையும் கழற்றிப் பாருங்கள். எல்லாம் நன்றாகத் தெரிந்தாலும், பத்து ஆண்டு ஆனால் வடம், டெர்மினல், இணைப்பு ஊசி எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். மாட்டிய ஆண்டைப் படகின் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அந்த ஆண்டு யாருக்கும் தெரியாத படகு என்றால், இந்த அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள்.